பிரியாணியில் இல்லாத கறி

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக நானும் அம்மாவும் மாலை போட்டிருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. பையன் வழியில் முதலில் வரும் ரெட்டியார்சத்திரத்தையே தாண்ட மாட்டான் என்று தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாய்களை அடைப்பதற்காகத்தான் நடக்கச் சம்மதித்தேன். பக்தியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா மீல்மேக்கர் பிரியாணி செய்தாள். சீரகச் சம்பா, புதினா, பட்டை எல்லாம் வழக்கம்போல. கறிக்குப் பதிலாக அந்தச் சோயா உருண்டைகள். திண்டுக்கல்லில் பிறந்த மூக்குக்கு இந்த வாசனை வந்தால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். அந்த மூக்கை அடக்கிக்கொண்டு விரதக்காரனாகப் பாதித் தட்டைக் காலி செய்திருந்தேன்.

எதிரே அம்மாவின் தம்பி, என் மாமா, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாலை போடாதவர், அதனால் பொழுது போகாதவர்.

"ஏலே மாப்ள, அது மீல்மேக்கர் இல்ல, கறி. நல்லா மென்னு பாரு."

மென்று பார்த்தேன். கறிதான். நார் பல்லிடுக்கில் சிக்கியது. கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டியது. சின்ன எலும்பு ஒன்றுகூட நாக்கில் தட்டுப்பட்டது. அது நெஞ்செலும்பு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியும். கதறிக்கொண்டே துப்பினேன். விரதம் போயிற்று, பழனி போயிற்று, தெருவின் பேச்சு மட்டும் ஜெயித்துவிட்டது.

மாமா பயந்துவிட்டார். "வெளாட்டுக்குச் சொன்னேன்டா. அம்புட்டும் மீல்மேக்கர்தான்."

"பொய். எலும்பு இருந்துச்சு."

"எங்க, காட்டு."

"முழுங்கிட்டேன்."

சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "இவன் பேச்சக் கேட்டா அழுகுற? நானும் மாலை போட்டவதான. இந்தா, தின்னு காட்டுறேன்."

என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நான் தேம்பலை நிறுத்திவிட்டு அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிதானமானது. நின்றது. எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வாய் கொப்பளிக்கும் சத்தம் செத்த நேரம் கேட்டது.

"அக்கா, சத்தியமா அது மீல்மேக்கர்க்கா."

"எனக்குத் தெரியாதா? நீ பேசாத."

சாயங்காலம் இரண்டு பேரும் மாலையைக் கழற்றினோம். எங்கள் இரண்டு பேர் வேண்டுதலுக்கும் சேர்த்து மாமா நடக்கவேண்டும் என்று தீர்ப்பானது. தெருமுனை டீக்கடைக்கே பைக் எடுப்பவர், ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் போட்டுத் தன் குதிகாலைப் பற்றி விரிவாகப் பேசினார்.

அம்மா துப்பிய பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவர்களே துப்பினால் கறியாகத்தான் இருக்கும். பாக்கெட்டைப் பிரித்து, வெந்நீரில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிழிந்து சட்டியில் போட்டவள் அவள்தான். கைக்குத் தெரிந்தது அவள் வாய்க்கு ஏன் எட்டவில்லை என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.