பின்னால் தொங்கும் நந்தி

மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்தில் டிராக்டர் லோடர் ஓட்டுகிறேன். முன்னால் கல்லைத் தூக்கும்போது பின்பக்கம் எழும்பாமலிருக்க, காது உடைந்து விலைபோகாத ஒரு கல் நந்தியைப் பின்னால் மாட்டியிருப்போம்.

அன்று அம்மன் சிலையை லாரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்க வந்த கோயில்காரர் நந்தியைப் பார்த்து முகம் சுளித்தார். "பின்னமான செல அம்மன்கூட வரப்பிடாது. கழத்துங்க."

"அது பாரத்துக்குக் கெடக்கு," என்று சிற்பி செல்வம் அண்ணன் இழுத்தார்.

கொஞ்ச தூரந்தானே என்று நானே கழற்றினேன்.

பக்கெட்டில் சிலையைக் கட்டித் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன். பெண்கள் குரவையிட்டார்கள். என் இருக்கை மெல்ல உயர்ந்தது. பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை. பிரேக் இருப்பது பின்சக்கரங்களில். அவை தரையிலேயே இல்லை. எதிரே கோயில்காரர், கற்பூரத்தட்டோடு கண்ணை மூடி நின்றார். குரவை நின்றுபோனது.

"ஏலே, தாழ்த்துலே! தரையில வையிலே!" அண்ணன் அலறினார்.

லிவரைத் தள்ளினேன். பக்கெட் மண்ணில் குத்தி நின்றது. பின்சக்கரங்கள் தொப்பென்று விழுந்தன. அவர் கண் திறந்தார். சிலை அவர் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"அம்மா எவ்வளவு கிட்ட வந்துட்டா, பாத்தீங்களா!" என்று அழுதார்.

இப்போதெல்லாம் நான், நந்தியின் அந்த உடைந்த காதைத் தொட்டுப் பார்க்காமல் வண்டியில் ஏறுவதில்லை.