மூத்தாளின் காவல்

ஆட்டிறைச்சியில் கொழுப்பான முதல் துண்டு அப்பானிஸின் வாய்க்குப் போகாது, அடுப்புக்குப் போகும். "சாப்பிடு தாயே, சூடா இருக்கு, பாத்து" என்பார். நெருப்புக்கே சூடு பார்த்துச் சாப்பிடச் சொல்கிற மனிதர்! ஆஸ்கிஸ் ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில், குளிருக்கு அறைகளைச் சூடேற்றும் பாய்லருக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது அவர் வேலை. அந்த நெருப்புக்கும் ஒரு விள்ளல் கொடுப்பார். கொடுத்தது சரியா தப்பா என்று அப்புறம் பொழுதுக்கும் தாடையைச் சொறிவார். வீட்டு அடுப்பில் இருப்பவள் தீத்தாய். எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத பாய்லரில் இருப்பது யார்?

குழப்பம் அவருக்குக் கூடப் பிறந்தது. இந்தக் குளிர்காலத்தில் அது முற்றிவிட்டது. மனைவி செத்துப் பல வருஷம் தனியாகக் கிடந்தவர், ஐம்பத்தெட்டு வயதில் நஸ்தாயைக் கட்டிக்கொண்டார். அவளும் புருஷனை இழந்தவள். வரும்போது தன் குலத்துத் தோஸையும் கொண்டுவந்தாள். பூர்ச்சமரக் கவட்டை, அதில் ஒரு சிவப்புத் துணி, கண்ணுக்கு இரண்டு மணி. வீட்டுக்குக் காவல் அதுதான். மாட்டப் போனால், சுவரில் ஏற்கெனவே மூத்தாளின் தோஸ் அணில் தோலோடு தொங்குகிறது.

நஸ்தாய் முறைப்படி அடுப்பை வணங்கி வெண்ணெய் போட்டாள். புகை குழாய்வழியே போகாமல் அவள் முகத்தில் அடித்தது. மறுநாளும் அப்படியே.

"ஒம் மூத்தாளுக்கு என்னையப் புடிக்கலய்யா. அடுப்பு ஏத்துக்காத வீட்டுல நான் எப்பிடிப் பொழைக்கிறது? சனிக்கிழமை பஸ்ல கெளம்புறேன்" என்று பையைக் கட்டி வைத்தாள்.

அப்பானிஸ் அரண்டுபோனார். "ஏன் தாயே, நாந்தானே ஆசப்பட்டுக் கூட்டியாந்தேன்? எம்மேல பொகைய வேண்டியதுதானே?" என்று அடுப்பிடம் அழுதேவிட்டார். பக்கத்து வீட்டுப் பகோம், "மூத்தாளோடத மலையில ஒரு மரத்துல கட்டிட்டு வந்துரு" என்றார். மறுநாள் அவரே, "ஐயையோ, இந்தக் குளிர்லயா? செத்தவ சும்மா விடுவாளா?" என்றார். அப்பானிஸ் புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தால் கொஞ்சம் கரி உதிர்ந்தது. அப்படியானால் புகைந்தது கரியாலா, கோபத்தாலா? தோஸை எரிக்கவும் கூடாது, எறியவும் கூடாது. கடைசியில் அதைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய் பாய்லர் அறையில் மாட்டினார்.

வீட்டில் புகை நின்றது. அதற்கும் அவருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. குழாய் சுத்தமானதால் நின்றிருந்தால், பாவம், மூத்தாளை வீணாக அல்லவா வெளியேற்றிவிட்டோம்! பாய்லர் அறையில் தோஸின் முகமெல்லாம் கரி. "கோவிச்சுக்காத, இங்கயும் கதகதன்னுதான் இருக்கு" என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

சனிக்கிழமை நஸ்தாய் பையோடு பாய்லர் அறை வாசலில் வந்து நின்றாள். அவர் நிலக்கரி அள்ளும் ஷவலைக் கீழே போட்டார்.

"பொகைதான் நின்னுருச்சே, இன்னும் போறேங்கிறியா?"

"செவுத்துல ஆணி மட்டும் இருக்கு. எங்கன்னு தேடிக்கிட்டுத்தான் வந்தேன். எனக்காக அவள வெரட்டுனவன், நாளைக்கு எவளுக்காகவோ என்னையும் வெரட்ட மாட்டியா?"

அப்பானிஸ் பாய்லரைப் பார்த்தார், தோஸைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே, நஸ்தாய்" என்றார்.

அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். அதன் நுனியால் மூத்தாளுடைய தோஸின் மணிக்கண்களைத் துடைத்தாள். பிறகு அதை அந்தத் துணியிலேயே சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் திரும்பாமல், வெறுந்தலையோடு பனியில் வீட்டைப் பார்த்து நடந்தாள்.