லீடரின் வேண்டுதல்

மொட்டைத் தலையில் பூசும் சந்தனம் காயக் காய வெடிக்கும். முதலில் மெழுகிய தரை மாதிரி வழவழவென்று இருக்கும். வெயில் ஏறினால் மெல்லிய கோடுகள் விழும். பிறகு காதோரத்திலும் பிடரியிலும் செதில் செதிலாகச் சட்டைமேல் உதிரும். ஆடிக் கிருத்திகை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, மூன்றாம் வகுப்பு வாசலில் நின்ற எனக்கு அப்படி நான்கைந்து மஞ்சள் தலைகள் தெரிந்தன. நான் திருத்தணியிலேயே பிறந்து வளர்ந்தவள், மொட்டை எனக்குப் புதிதில்லை. ஆனால் கரும்பலகைக்குப் பக்கத்தில் கையில் சாக்பீஸோடு நின்ற பிள்ளையைப் பார்த்து, "யாரும்மா நீ, புதுசா சேர்ந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளையும் சிரித்தது. முன்பல் விழுந்த அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அது எங்கள் வகுப்பு லீடர் என்று தெரிந்துகொண்டேன். இடுப்பைத் தொடும் சடை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் அந்தப் பள்ளியின் டீச்சர் இல்லை. அந்தப் பள்ளியின் டீச்சருக்குப் பதிலாக வந்த டீச்சர். கே.ஜி.கண்டிகையைத் தாண்டி உள்ளே போனால் வருகிற சின்ன ஊர், அதில் இரண்டே வகுப்பறை கொண்ட தொடக்கப்பள்ளி. முதல் வகுப்பிலிருந்தே இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்த டீச்சருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் சென்னையில் மருத்துவமனையில் இருந்தார். ஜூனில் என்னை அந்த இடத்தில் தற்காலிகமாகப் போட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை வருவதே யாருக்காவது பிரசவமோ விபத்தோ நோயோ வந்தால்தான். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் வாய் "ஐயோ பாவம்" என்று சொல்லும்போதே மனசு எந்த ஸ்கூல் என்று கேட்கும். இதை நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் பிழைப்பு அப்படி.

பதில் டீச்சர் என்றால் எல்லாமே இன்னொருத்தருடையது. நாற்காலியில் அவருடைய குஷன் கிடக்கும், அதில் உட்காரவும் கூசும், எடுத்து வைக்கவும் கூசும். அலமாரிச் சாவி அவர் வீட்டில் இருக்கும். சிவப்பு மையில் கோடு போட்டால், "எங்க டீச்சர் பச்சையிலதான் போடுவாங்க" என்று ஒரு குரல் வரும். நான் ஏதோ அவர்கள் டீச்சரின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி முதல் வாரம் முழுக்க ஒரு பார்வை. பெயர்கள் மனசில் நிற்பதற்குள் வேறு பள்ளிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்பதால் நான் பிள்ளைகளைத் தலையை வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொள்வேன். சுருட்டை, எண்ணெய் வழியும் வகிடு, ஊசி முடி, நீளச் சடை. அந்த நீளச் சடைதான் லீடர். அவள் அப்பா மலையடிவாரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். டீச்சர் இல்லாதபோது வகுப்பைக் கட்டி மேய்க்கிற பொறுப்பு அவளுடையது. வகுப்பில் டீச்சர் இல்லாத நாட்களே அதிகம் என்பதால் அவளுக்கு அதிகாரமும் அதிகம்.

நான் போன முதல் நாள் அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எத்தினி நாளு டீச்சர்?" என்பது. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. தெரியாதே என்றேன். "போன வருஷம் வந்த டீச்சர் ஒரு ராஜா கதை சொல்லிகினு இருந்தாங்க. பாதியில போய்ட்டாங்க. ராஜா இன்னா ஆனாருன்னே தெரியல" என்றாள். குரலில் குறை எதுவும் இல்லை, பஸ் வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அன்றைக்கே கடைசி மணிக்கு முன்னால் ஒரு கதை ஆரம்பித்தேன். திருத்தணியில் ஒரு ஆடு டிக்கெட் எடுக்காமல் மின்சார ரயிலில் ஏறிவிடுகிறது, சென்னைக்குப் போய்க் கடல் பார்க்க வேண்டுமாம். தினமும் கொஞ்சம் சொல்வேன். அரக்கோணத்தில் டிக்கெட் பரிசோதகர் வந்தார், மோசூரில் ஒரு கீரைக்காரம்மாவின் கீரைக்கட்டு பாதி காணாமல் போனது. மணி அடித்ததும் லீடர் பையை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு எந்த ஸ்டேஷன் டீச்சர்?" என்பாள். நாளைக்கும் நான் வருவேனா என்று கேட்கிறாள் என்பது எனக்குப் புரியும்.

ஆடி பிறந்த சில நாட்களில் அந்த டீச்சர் இறந்துபோனார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. குஷனும் பச்சை மையும்தான் எனக்குத் தெரிந்த அவர். ஹெச்.எம். அம்மாவோடு போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் ஹெச்.எம். எங்கள் வகுப்புக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷம் முழுக்க நீயே இரும்மா. ஆபீஸ்ல பேசிட்டேன். நீ போயிடுவியோன்னு இருந்துது, இனி அந்தக் கவலை இல்ல" என்றார். அவர் மனசில் துக்கமும் இருந்தது, வகுப்பு காலியாக விழாது என்ற நிம்மதியும் இருந்தது. எனக்கும் இரண்டும் இருந்தன. லீடர் அப்போது கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆடிக் கிருத்திகை வந்தது, அந்த மொட்டையும். லீடரின் அம்மா அன்று காலை கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்திருந்தார். "நாங்க முடி எறக்க சொல்லல டீச்சர். சாமிக்கு சொல்லிட்டேன், எறக்கியே ஆவணும்னு ஒரே அழுகை. அவங்க நைனாவுக்கு மனசே இல்ல, அந்த முடிய அப்படி பாத்துகினாரு. இன்னாத்துக்குன்னு நாங்க கேக்கல. வேண்டுதல எறக்கறதுக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாதுல்ல? எனக்கு இன்னா தோணுதுன்னா, அந்த டீச்சர் பொழைக்கணும்னு வேண்டிகினு இருப்பா. பாவம், அவங்க போய்ட்டாங்க. ஆனாலும் சொன்னத குடுத்துடணும்ல?" என்றார். மலைக்குச் சொன்ன முடியைக் கொடுக்காமல் வைத்திருக்க எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்கும் தைரியம் வராது, சொன்னது எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும்.

இது ஹெச்.எம். காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பிரேயரில் லீடரை முன்னால் நிறுத்தி வைத்து, "தன்னோட டீச்சருக்காக முடியையே குடுத்திருக்கு பாருங்க இந்தக் குழந்தை" என்று சொன்னார். சத்துணவு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். லீடர் மட்டும் ஒன்றும் புரியாமல் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைக் கழுவிவிட்டு என் மேஜைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப சொல்லலாம் டீச்சர், எறக்கிட்டேன்ல. ஹெச்.எம். டீச்சர் தப்பா சொல்றாங்க. நான் உங்களுக்காகத்தான் வேண்டிகினேன்."

"எனக்காகவா?"

"ஆங். ஆனி கிருத்திகைக்கு மலைக்குப் போனோம்ல, அப்ப. நீங்க போவவே கூடாது, எங்களுக்கே டீச்சரா இருக்கணும், முடி குடுக்கறேன்னு. குடுத்துட்டாரு டீச்சர்!"

பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. என் உடம்பு குளிர்ந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் ஆடி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. நான் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் அந்த டீச்சர் திரும்பி வரக் கூடாது. கூட்டிக் கழித்துப் பார்க்க அவளுக்கு இன்னும் வயது வரவில்லை. கேட்டாள், கிடைத்தது, சொன்னபடி கொடுத்துவிட்டாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவள் அந்தக் கணக்கைப் போட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். யாரிடமும் சொல்லாதே என்றால் ஏன் என்பாள். அதனால், "சரி, போய் விளையாடு" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே அந்த டீச்சரின் கணவர் வந்தார். ஏதோ காகிதங்களில் கையெழுத்து வாங்க ஹெச்.எம். வரச் சொல்லியிருந்தார். அலமாரிச் சாவியைக் கொடுத்தார், குஷனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஹெச்.எம். சும்மா இருந்திருக்கலாம். நான் கண்ணால் ஜாடை காட்டியும் கவனிக்காமல் லீடரைக் கூப்பிட்டு, "இவதாங்க" என்றார். அந்த மனிதர் குனிந்து, "எங்க வீட்டம்மாவுக்காக மொட்ட போட்டுகினியா கண்ணு?" என்று கேட்டு அவள் தலையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. விசும்பல் இல்லாமல் தண்ணீர் மட்டும் வழிய அப்படியே நின்றார். "எல்லா சாமியையும் வேண்டிகினோம்மா. ஒண்ணும் நடக்கல" என்றார். கையை எடுத்தபோது உள்ளங்கையெல்லாம் சந்தனம் ஒட்டியிருந்தது.

லீடர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். காலையிலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அந்த முகத்தை விட்டுப் போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கணக்கைப் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

மணி அடித்து எல்லோரும் போனபிறகு குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு எந்த ஸ்டேஷன் என்று கேட்கவில்லை. "அவங்க வரக் கூடாதுன்னு நான் கேக்கல டீச்சர். நீங்க போவக் கூடாதுன்னுதான் கேட்டேன்" என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். டீச்சருக்கு ரொம்ப நாளாகவே உடம்பு சரியில்லை என்றேன். நீ கேட்டதற்காகச் சாமி அப்படியெல்லாம் செய்ய மாட்டார் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கையால் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அப்ப என் முடிய ஏன் வாங்கிகினாரு?"

பயிற்சிப் பள்ளியில் குழந்தை மனநலம் என்று ஒரு பாடம் உண்டு, அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்தப் பாடத்தில் இந்தக் கேள்வி வரவில்லை. சாமி வாங்கவில்லை என்றால் முடி வீணாகப் போனது. வாங்கினார் என்றால் கேட்டதைக் கொடுத்தார் என்றாகிறது. அன்று இரவு எனக்குத் தோன்றியது ஒரே ஒரு வழிதான். அவள் கேட்டது நடக்கவில்லை என்று அவள் கண்ணுக்கே தெரிய வேண்டும். நடக்காத வேண்டுதலுக்கு ஒரு உயிர் எப்படி விலையாக இருக்க முடியும்?

அந்த வார முடிவில் ஹெச்.எம்.மிடம் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன். வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டதாக நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணத்தைச் சொல்ல முடியவில்லை, சொன்னால் பிரேயரில் அதையும் சொல்லிவிடுவார். வீட்டில் என் கணவர், "தானா வந்ததை உதைச்சுத் தள்ளிட்டு வந்திருக்கியே, உனக்கு என்ன பைத்தியமா?" என்று சத்தம் போட்டார். கடைசி நாள் லீடரைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் போறேன்டா. பாத்தியா? நீ கேட்டதைச் சாமி குடுக்கவே இல்ல. அப்படின்னா டீச்சர் செத்துப்போனதுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்ல" என்றேன். அவள் தலையில் கருகருவென்று முள்ளாக முடி எட்டிப் பார்த்திருந்தது. "அப்ப ஆடு?" என்றாள். ஆடு அப்போது கடம்பத்தூரில் நின்றுகொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் திரும்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகள், எத்தனையோ பேருடைய நாற்காலிகள். எனக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. செய்தது சரிதான், ஒரு குழந்தையின் தலையிலிருந்து பெரிய பாரத்தை இறக்கிவிட்டேன் என்று மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன். சிரமமான நாட்களில் அந்த நம்பிக்கை எனக்கு உதவியாக இருந்தது.

இந்த ஆடியில், கிருத்திகைக்கு மறுநாள், திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். உயர்நிலைப் பள்ளிச் சீருடை, மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. "டீச்சர், இப்ப எந்த ஸ்கூலு? எத்தினி நாளு?" என்றாள். சிரித்துவிட்டேன். அம்மையார்குப்பம் பக்கம், ஒரு டீச்சர் பிரசவ லீவில் இருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கொழந்த நல்லா பொறந்துடுச்சா டீச்சர்? அவங்க நல்லா கீறாங்களா?"

"ஆங், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன். அவள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதை நான் கேட்டேன்.

பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மாவின் மடியில் மொட்டைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சந்தனம் வெடித்துச் சட்டையெல்லாம் உதிர்ந்திருந்தது. பேசிக்கொண்டே லீடர் அதைத் தட்டிவிட்டாள். மலைக்குப் போனாயா என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன்.

"போனேன் டீச்சர். எல்லாரும் கண்ண மூடிகினு நிப்பாங்க. நான் தொறந்துகினேதான் நிப்பேன். மூடினா ஏதாச்சும் கேட்டுடுவேனோன்னு பயம்."

அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். ஆடு சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பாள் என்று பஸ் நகரும் வரைக்கும் ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன். அவள் கேட்கவில்லை.