மச்சானைப் பற்றி எழுதிய பதிவு

திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருக்கிறேன். லேப்பில் நாற்பத்தெட்டு கம்ப்யூட்டர்கள். எந்த நாளிலும் அவற்றில் ஏழெட்டு ஓடாது. மாணவர்கள் வருவதற்கு முன் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பதும், மவுஸ்களை எண்ணுவதும், தேர்வு நாட்களில் பிரிண்டருக்குப் பக்கத்தில் நிற்பதும் என் வேலை. மூளைக்கு நிறைய ஓய்வு தரும் வேலை இது. அந்த ஓய்வில்தான் பிளாக் எழுத ஆரம்பித்தேன்.

முதலில் கம்ப்யூட்டரைப் பற்றியே எழுதினேன். தமிழ் விசைப்பலகையை எப்படி நிறுவுவது, எழுதியது அழிந்துபோனால் எப்படி மீட்பது என்கிற மாதிரி. அதற்கெல்லாம் வாசகர்கள் ஒருமுறை வருவார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். பிறகு நேரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி எழுதத் தொடங்கினேன். காலையில் முதலில் எந்த வேலையைச் செய்வது, பட்டியலை எப்படிப் போடுவது, கவனம் சிதறாமல் இருபத்தைந்து நிமிடம் உட்காருவது எப்படி. எழுதுவதற்காக நானும் அப்படியே வாழ்ந்து பார்த்தேன். போனில் பட்டியலுக்கு ஒரு செயலி, குறிப்புகளுக்கு ஒன்று, பழக்கங்களைக் கணக்கெடுக்க ஒன்று, இருபத்தைந்து நிமிடத்தை அளக்க ஒரு டைமர். ஒருநாள் காலை டைமர் அடித்ததைக் குக்கர் பக்கம் வைத்த அலாரம் என்று நினைத்து என் மனைவி இட்லியை இறக்கிவிட்டாள். வேகவில்லை. இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம்.

தினமும் முப்பது நாற்பது பேர் படித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஒரே ஆட்கள்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வாரம், ஒரு வேலையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிப் பதிவுகளுக்கு உதாரணம் வேண்டும். நான் படித்த இடங்களில் எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கதைகளே இருந்தன. நம் பக்கத்துக் கதையாக ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தபோது மச்சான் ஞாபகம் வந்தார்.

அக்காவை மணந்தவர். குஜிலியம்பாறை தாண்டி மானாவாரிக் காட்டில் விவசாயம். மழை பெய்தால் சோளமும் கொள்ளும், இல்லாவிட்டால் ஆடு. அந்த நிலத்தில் தண்ணீருக்காக அவர் ஏழு முறை போர் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் வண்டி வந்து இரவும் பகலும் துளைக்கும், வெள்ளைப் புழுதி பறக்கும், வண்டி போய்விடும், குழியின் வாயில் ஒரு கல்லை வைத்து மூடுவார். இதை அக்கா சொல்லியும் ஓரிரு முறை நேரில் பார்த்தும் எனக்குத் தெரியும்.

நாற்பது நிமிடத்தில் எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, குஜிலியம்பாறைப் பக்கம் என்று மட்டும் எழுதினேன். பதிவில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். புழுதி வந்தது. கல்லால் மூடிய குழிகள் வந்தன. வண்டி வரும் நாளன்று காலையில் மச்சான் வீட்டுக்குள் செய்யும் ஒரு சின்னக் காரியமும் வந்தது. அந்தக் காரியம்தான் பதிவுக்கு உயிர் கொடுத்தது. அது என்ன என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஆறாவதோடு நிறுத்தியிருந்தால் அந்த மனிதர் இன்று நிம்மதியாக இருப்பார் என்று கடைசி வரியை முடித்தேன். அவர் நிம்மதியாக இல்லை என்று என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

வெளியிட்ட மூன்றாம் நாள், வாசகர் எண்ணிக்கை காட்டும் இடத்தில் நான் அதுவரை பார்க்காத நீளத்தில் ஓர் எண் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பார்த்தேன். போனை அடிக்கடி திறக்காமல் இருப்பது எப்படி என்று நான் எழுதிய பதிவும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதன் பிறகு யாரோ என் பெயரையும் முகவரியையும் வெட்டிவிட்டுப் பதிவை மட்டும் போன் குரூப்புகளில் அனுப்ப ஆரம்பித்தார்கள். ‘ஏழு போர் போட்ட ஏமாளி’ என்று புதுத் தலைப்பு. ஏமாளி என்ற சொல் பதிவில் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பு பதிவுக்குப் பொருந்தாமல் இல்லை. சிவில் துறை ஆசிரியர் ஒருவர் அதை எனக்கே அனுப்பி, நல்லா எழுதியிருக்கான் பாருங்க என்றார். படித்தேன் என்று பதில் போட்டேன்.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் அக்கா கூப்பிட்டாள்.

“தம்பி, குரூப்புல ஒன்னு வந்துச்சு. ஒங்க மச்சான் கத மாதிரியே இருக்கு. நீ எழுதுனதா?”

நான் இல்லை என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேள்வி முடிவதற்குள் வாயில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஏழெட்டு போர் போட்டவர்கள் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“போர் எல்லாரும் போடுவாக. வண்டி வார அன்னைக்குக் காலைல இவரு செய்றத எல்லாருமா செய்வாக?” என்றாள்.

பெல் அடித்துவிட்டது, பசங்க வருகிறார்கள் என்று சொல்லி போனை வைத்தேன். அன்றைக்கு லேப்பில் வகுப்பே கிடையாது.

வைப்பதற்கு முன் அவள் சொன்ன வேறு சில விஷயங்களும் இருந்தன. டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார். மச்சான் அங்கேயே கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டிருக்கிறார். சிலர் அவரை ஏழு போர் என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். வீட்டிலேயே போடச் சொல்லிக் குடிக்கிறார்.

அன்று மாலையே பதிவை நீக்கினேன். அதனால் எதுவும் ஆகவில்லை. நான் நீக்கியது என்னிடம் இருந்ததை மட்டும். பிரதிகள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. பதிவு எங்கே என்று கேட்டு எனக்கு இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அதிர்ச்சி ஒன்றும் காட்டவில்லை. துணி மடித்துக்கொண்டே, “அப்ப நாளைக்கு நான் ஒன்னு கேட்டாலும் இப்படித்தான் டக்குனு இல்லம்பீகளா?” என்று மட்டும் கேட்டாள்.

பட்டியல் செயலியில் ‘அக்காவிடம் பேச’ என்று ஒரு வரி போட்டேன். அன்றைக்குச் செய்யாத வேலையை அந்தச் செயலி தானாகவே மறுநாளுக்குத் தள்ளிவைக்கும். சில நாள் கழித்து வரி சிவப்பாக மாறியது. மொத்தம் பத்தொன்பது நாள் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் மற்ற வேலைகள் எல்லாவற்றையும் நேரத்துக்கு முடித்தேன். லேப்பில் ஓடாத கம்ப்யூட்டர்களில் மூன்றைச் சரிசெய்தேன். பிளாக்கில் ஒரு வரிகூட எழுதவில்லை.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா ஊருக்கு எரியோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா அடுப்படியில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

“நான்தான்க்கா எழுதுனேன்.”

“தெரியும். நீ இல்லன்னு சொன்ன வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு” என்றாள். கத்தியை நிறுத்தவில்லை. நறுக்கி முடித்ததும், “அவருகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் எடையில வரமாட்டேன். காட்டுலதான் இருக்காரு” என்றாள்.

மச்சான் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வா மாப்ள என்றார், எப்போது வந்தாய் என்று கேட்டார், வெயிலைப் பற்றிச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, எழுதியதைக் காட்டச் சொன்னார். அவர் காதால் கேட்டது மட்டும்தான், படித்துப் பார்த்ததில்லை.

பதிவை நீக்கியிருந்தாலும் அதன் வரைவு போனில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியின் அடியில் வைத்து மெதுவாகப் படித்தார். நடுவில் இரண்டு முறை திரை அணைந்தது. இரண்டு முறையும் என்னிடம் நீட்டினார், நான் திறந்து கொடுத்தேன். பல வருடமாக எழுதுகிறேன். நான் எழுதியதை ஒருவர் படிப்பதை எதிரில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றேன்.

“நாலாவது போரு அறுநூத்தி இருவதடி. நானூறுன்னு போட்ருக்க” என்றார் முதலில்.

தப்புதான் மச்சான் என்றேன்.

“ஏழும் நானா கிறுக்குப் புடிச்சுப் போட்டேன்கிற மாதிரில்ல இருக்கு. மூணாவது நீ காட்டுன எடம் மாப்ள.”

எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவர் எழுந்து கிழக்கு வரப்பு வரை நடந்தார், நானும் போனேன். வேப்பமரத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு கல் இருந்தது. அதைப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை. நீ ஒரு படம் கொண்டுவந்தாயே, கலர்ப் படம், என்றார்.

முதலில் ஞாபகம் வந்தது அந்த பிரிண்டர்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. லேப்பில் ஒரு கலர் பிரிண்டர் வந்திருந்தது, எதை அதில் போட்டு எடுக்கலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்த காலம். இணையத்தில் நிலத்தடி நீர் வரைபடம் ஒன்று கிடைத்தது. அதைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். தேங்காய் வைத்துப் பார்ப்பவர் வடமேற்கு மூலையைக் காட்டியிருந்தார். நான் வரைபடத்தை விரித்து, செருப்புக் காலால் இந்த இடத்தைத் தட்டிக் காட்டினேன். மச்சான் நான் சொன்ன இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. பிரிண்டரில் அன்று மஞ்சள் மை தீர்ந்திருந்தது. வரைபடத்தில் பச்சையாக இருக்க வேண்டியதெல்லாம் தண்ணீர் மாதிரி நீலமாக விழுந்திருந்தது. மை தீர்ந்தது எனக்கு அப்போதே தெரியும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று அப்படியே எடுத்து வந்தேன்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “தேங்கா வச்சவன் சொன்னதும்தான் பொய்யாப் போச்சு. அத விடு” என்றார்.

பிறகு நான் முதல்முறையாக, ஏழாவதை ஏன் போட்டார் என்று கேட்டேன். ஆறாவதில் ஈர மண் வந்ததாம். குழாய் இறக்குவதற்குள் உள்ளே சரிந்து மூடிக்கொண்டதாம். தண்ணீர் இருப்பது தெரிந்த பிறகு எப்படி விடுவது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று போட்டேன் என்றார். ஏழாவதில் தண்ணீர் இருக்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம் ஓடும், பிறகு மறுநாள்தான் ஊறும். அந்தத் தண்ணீரில் அரை ஏக்கர் முருங்கை நிற்கிறது, ஆடு மாடு குடிக்கிறது. நான் எழுதிய கணக்கில் அது ஏழாவது தோல்வி. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் ஈரம் இருந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

சரியாகத் திருத்தி மறுபடி எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதிக்க. குழியப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்க. காலைல வீட்டுக்குள்ள நான் செய்யுறத மட்டும் எடுத்துரு. அது எனக்கும் ஒங்கக்காளுக்கும் உள்ளது.”

வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டோம். மூன்று மணி பஸ்ஸுக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

இரண்டாவது பதிவை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. டைமர் வைக்கவில்லை. வரைபடம், மஞ்சள் மை, என் செருப்புக் கால் எல்லாம் அதில் வந்தன. வெளியிடுவதற்கு முன் போனில் அக்காவுக்கும் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். அக்கா ஓர் இடத்தில், நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம் என்று ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள். மச்சான் ஆட்டு எண்ணிக்கையைத் திருத்தினார். வெளியிட்டேன். வழக்கமான நாற்பது பேர் படித்தார்கள். பழைய பதிவு மட்டும் ஏமாளி தலைப்போடு இன்னும் சுற்றுகிறது. போன மழைக்காலத்தில் மறுபடியும் அவர்கள் ஊர் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. அந்தத் தடவை மச்சான் அதற்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார். அக்கா அதை எனக்கு அனுப்பினாள். இது என் காட்டுக் கதைதான், எழுதினது எங்க மாப்ளதான், ஏழாவதுல தண்ணி இருக்கு, சந்தேகம்னா காலைல ஆறு மணிக்கு வந்து பாருங்க என்று நிதானமாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேர் வந்தும் பார்த்திருக்கிறார்கள். அவர் இப்போது டீக்கடைக்குப் போகிறார். பேர் மட்டும் மாறவில்லை, ஏழு போர் என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

நேரத்தைச் சிக்கனப்படுத்துவது பற்றி நான் இப்போது எழுதுவதில்லை. போனில் இடம் போதாமல் செயலிகளில் மூன்றை நீக்கிவிட்டேன், அவற்றை மறுபடி போடவில்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுகிறேன். வேறொருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் முதலில் படித்துக் காட்டுகிறேன். இதற்கு நாளாகிறது. இதுவரை நான்கு பேரிடம் படித்துக் காட்டினேன். மூன்று பேர் சரி என்றார்கள். ஒருவர் நான் தினமும் போகும் பஸ்ஸின் கண்டக்டர். கடைசி ஸ்டாப்பில் பஸ் காலியான பிறகு நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, வேணாம் சார் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பதிவு வரைவில் இருக்கிறது. நன்றாக வந்த பதிவு. அதை வெளியிடப் போவதில்லை.