அபேனிசாவின் கணினி

தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கணினியையும் குப்பையில் போடுவதில்லை. ஆய்வகத்தில் ஓய்ந்தது அலுவலகத்துக்குப் போகும். அலுவலகம் கழித்தது வெளித்தீவுப் பள்ளிக்குக் கப்பலேறும். இனி ஓடவே ஓடாது என்று ஆனதைப் பிரித்து, மின்சுற்றுப் பலகை வேறு, கம்பி வேறு என்று பெட்டி கட்டுவார்கள். இத்தனையும் நடப்பது மெரெயோனி வேலை பார்க்கும் பழுதுக் கொட்டகையில்.

அவள் கணவன் அபேனிசா அதே வளாகத்தில், புவியியல் துறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு சனிக்கிழமை ரக்பி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவன் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டான். அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனதும், மெரெயோனி கறுப்பு உடையோடு வேலைக்குத் திரும்பினாள். அழுகை வரவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

மழை பெய்த ஒரு காலையில் புவியியல் துறைக் கணினிகள் வந்து இறங்கின. கூட வேலை பார்க்கும் சலேந்திரா இறக்கி வைத்தான்.

"பூமியையே அளக்கிறாங்க, தூசி துடைக்க மட்டும் ஆளில்ல பாருங்க" என்று சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். ஒரு பெட்டியை மட்டும் தன் மேசைப்பக்கம் தள்ளினான். அதன் ஓரத்தில் அபேனிசா ஒட்டியிருந்த ரக்பி அணியின் படம்.

"கொண்டா இங்க" என்றாள் மெரெயோனி.

"நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க போய் ரொட்டி சாப்பிடுங்க."

"இப்பத்தான் தின்னேன். கொண்டா."

உள்ளே இருப்பதை முழுக்க அழிக்காமல் எந்தக் கணினியும் கொட்டகையை விட்டுப் போகக் கூடாது. மெரெயோனி இணைப்பைச் செருகினாள்.

"போட்டோ கீட்டோ இருக்கும்க்கா. ஒரு நகல் எடுத்துக்குங்களேன். யாரும் கேக்கப் போறதில்ல."

"வீடு பூரா அவன் போட்டோதான்டா."

அழிப்பதற்கான பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தாள். கூரையில் மழைச் சத்தம்தான் கேட்டது.

அது ஓடும்போதே விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள். பிஸ்கட் தூள் மேசையில் கொட்டியது. தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டே வேலை பார்ப்பது அவன் வழக்கம். இதற்காக எத்தனை முறை திட்டியிருப்பாள். உள்ளங்கையில் வாரி எடுத்தாள். சுற்றிலும் பெட்டிகள்: கம்பிக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. கையை விரிக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அக்கா?" என்றான் சலேந்திரா.

"ஒண்ணுமில்ல." கதவோரம் போய் மழையில் உதறிவிட்டு வந்து, கூடுதல் நினைவகம் செருகி, விசிறியைத் துடைத்து மூடினாள்.

அது காவ் தீவுப் பள்ளிக்குப் போனது. தலைமையாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வினாக்கா, ரொம்ப நன்றி அம்மா! புதுசு மாதிரி ஓடுது. பிள்ளைங்க அடிச்சுக்கிறாங்க."

"சரிங்க. ஈரம் படாம வெச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்தாள். இருவருக்கு வெந்திருந்தது. மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தாள்.