கேட்டால் வரும் வெந்நீர்

என் சித்தி நல்லவள் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அவளைப் பிடிக்கும், ஆனால் அந்தக் காரணத்துக்காக இல்லை. ஒரு கோபத்தை ஆறவிடாமல் அத்தனை வருடம் வைத்திருந்து, வேளை வந்ததும் சூடாக எடுத்துப் பரிமாறிய ஆள் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். பரிமாறியது என் அப்பாவுக்கு. நான் அவர் பெற்ற மகள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

சித்திக்குத் தொழில் தலை கழுவுவது. அப்பாவின் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கடைவீதியில் ஒரு பார்லரில் வேலை பார்த்தாள். வருகிறவர்கள் சாய்வு நாற்காலியில் மல்லாந்து, பீங்கான் தொட்டியின் பள்ளத்தில் கழுத்தை வைத்துக்கொள்வார்கள். சித்தி குழாயைத் திறந்து முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் தண்ணீரை விட்டுப் பார்ப்பாள். பிறகு, "சூடு சரியா இருக்கா?" என்று கேட்பாள். நாள் முழுக்க அதே கேள்வி, அதே பதம். சாயந்தரம் விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போய் வீட்டுக்கு வருவாள். வீட்டில் பச்சைத் தண்ணீரில் குளிப்பாள்.

வெந்நீர் இல்லாத வீடு இல்லை எங்களுடையது. கீழ்த்தளத்துக் குளியலறையில் ஹீட்டர் இருந்தது. அதன் சுவிட்சுதான் அங்கே இல்லை. அப்பா ஆள் வைத்து வயரை இழுத்து, கூடத்தில் தன் நாற்காலிக்கு மேலே சுவரில் வைத்திருந்தார். உட்கார்ந்தபடியே கை எட்டும். சுடுதண்ணீர் வேண்டுமென்றால் அவர் முன்னால் வந்து நின்று கேட்க வேண்டும். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஜில்லென்று மாறினால், அவர் அணைத்துவிட்டார் என்று அர்த்தம். உள்ளேயிருந்து கத்தினால், "கரண்ட் என்ன சும்மாவா வருது?" என்று பதில் வரும். அவர் குளிக்கிற நாளில் மட்டும் அவர் பல் தேய்க்கும் முன்பே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

சித்தி அவருக்கு மின்வாரியம் என்று பெயர் வைத்தாள். "மின்வாரியம் முழிச்சிடுச்சா?" என்று காலையில் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்பாள். அம்மா சிரிக்க மாட்டாள். "விடுடி, யார் காதுலயாவது விழப்போகுது" என்பாள். என் அம்மா அப்படித்தான். அவள் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. குறை இருக்கிறதா என்று நானும் கேட்டதில்லை.

பிறகு சித்திக்குக் குழந்தை பிறந்தது. கஷ்டமான பிரசவம், நிறையத் தையல். வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றி அதில் தினமும் உட்கார வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். சித்தி வீட்டுக்கு வந்த மறுநாள், அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார். அண்ணன் எதிரில் வாய் திறக்காத தம்பி அவர். நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமா, சுவிட்சு போட்டுக்கட்டுமா?"

"காலையிலதான போட்டது. எதுக்கு?"

"கொஞ்சம் சுடுதண்ணி வேணும் மாமா."

"அதான், எதுக்குன்னு கேக்கறேன்."

சித்தி தன் புருஷனைப் பார்த்தாள். சித்தப்பா செய்தித்தாளைப் பார்த்தார். அப்பாவின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. சொல்லாமல் போடமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

"தையல் போட்ட எடத்துக்கு" என்றாள் சித்தி.

ஒருவர் டீ டம்ளருக்குள் எதையோ தேடினார். இன்னொருவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "இதச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று அப்பா சுவிட்சைப் போட்டார். பேசின் நிறைவதற்குள் அணைத்தும்விட்டார். அன்றைக்கு எனக்கு அந்த வயதில் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் அவர்மேல் வந்தது. மனதுக்குள்தான் சொன்னேன்.

சமையலறையில் அம்மா வழக்கம்போல, "விடுடி. பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றாள்.

"எனக்குப் பூமியெல்லாம் வேணாம்க்கா. ஒரு நாள் அவரு எங்கிட்ட வந்து சுடுதண்ணி கேக்கணும். நாலு பேர் முன்னால நான் எதுக்குன்னு கேக்கணும். அது போதும் எனக்கு."

அம்மா தேய்த்து முடித்த பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வருடங்கள் போயின. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரித்தது யார் என்று சொல்லவா வேண்டும்? கீழ் வீடு, முற்றம், கிணறு, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் அப்பாவுக்கு. மேல் வீடும் மொட்டை மாடியும் சித்தப்பாவுக்கு. "மொட்டை மாடியையும் சேத்தே எடுத்துக்கப்பா. வெயிலும் காக்காவும் உனக்கே" என்று பெரிய மனது பண்ணிச் சொன்னார். சித்தப்பா தலையாட்டினார். சித்தியும் தலையாட்டினாள். அவள் ஏன் ஆட்டினாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

மேல் வீட்டு முன்னறையில் சித்தி சொந்தமாகப் பார்லர் போட்டாள். சாய்வு நாற்காலி, பீங்கான் தொட்டி, எதிரே நீளமாக ஒரு கண்ணாடி. கைராசிக்காரி என்று பெயர் வந்தது. கூட்டம் வர வர, தலை கழுவுகிற வெந்நீருக்கே சம்பாத்தியம் கரைந்தது. ஹீட்டர் காலையில் போட்டால் சாயந்தரம்தான் நிற்கும். வாடிக்கைக்காரி ஒருத்தி தன் வீட்டில் சோலார் ஹீட்டர் வைத்த கதையைத் தலையில் நுரையோடு சொன்னாள். வெயிலில் கண்ணாடிக் குழாய்கள் காயும், உள்ளே தண்ணீர் சூடாகித் தானாக மேலே டேங்குக்கு ஏறிக்கொள்ளும், மோட்டார்கூட வேண்டாம், மழை மூட்டமான நாளில் மட்டும் கரண்ட் போட்டால் போதும் என்றாள். சித்தியின் கை நின்றது. "மொட்டை மாடி சொந்தமா இருந்தா வைக்கலாமா?" என்று கேட்டாள்.

கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர் செலவாகும், எத்தனை வருடம் உழைக்கும் என்று விலாவாரியாக விளக்கினார். சித்தி எல்லாவற்றுக்கும் உம் கொட்டிவிட்டுக் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேலேர்ந்து கீழ் வீட்டுக்கு ஒரு லைன் இழுத்தா, நடுவுல மூடிக்க வால்வு வைக்கலாமா?"

"வைக்கலாமே. ஆனா எதுக்கு?" என்றார் அவர்.

சித்தி சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மாடியில் கண்ணாடிக் குழாய்கள் சாய்வாக வரிசைகட்டி உட்கார்ந்தன. அப்பா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "வெயில்ல தண்ணி காயுதாம். காக்கா குளிக்கும்" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி சொன்னார். ஆனால் பிளம்பர் கீழேயும் குழாய் இழுக்கிறார் என்று தெரிந்ததும் குரல் மாறிவிட்டது. "நம்ம வீட்டுக்கும்தான். குடும்பம்னா அப்படித்தான இருக்கணும்?" என்று அதையும் தன் பெருமையாக ஆக்கிக்கொண்டார். கறுப்பு ஸ்பாஞ்ச் சுற்றிய குழாய் சுவரோடு இறங்கி, கீழ்க் குளியலறையில் சிவப்புப் புள்ளி வைத்த புதுக் குழாயில் முடிந்தது.

அப்பா முதல் ஆளாகத் துண்டோடு போய்த் திறந்தார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"என்னம்மா, வரலையே?" என்று கீழேயிருந்து கத்தினார்.

"கேட்டா வரும் மாமா" என்றாள் சித்தி மாடிப்படியின் தலைப்பில் நின்று.

அவள் பக்கத்தில், சுவரில், சிவப்புக் கைப்பிடி போட்ட வால்வு இருந்தது. கூடத்தில் அப்பாவின் சுவிட்சு எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரம். பிளம்பரிடம் கேட்டேன். "அக்காதான் கீழ வந்து அளந்துட்டுப் போய்க் கோடு போட்டுக் குடுத்தாங்க" என்றார்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கேட்கவில்லை. எங்கள் பழைய ஹீட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுகி ஒரு நாள் செத்தே போனது. புதிது வாங்கினால் வயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னதும் அவரை வாசலோடு அனுப்பிவிட்டார். குளிர்காலம் வந்தது. அப்பா பச்சைத் தண்ணீரில் குளித்தார். முதல் சொம்புக்கு அவர் போடும் சத்தம் தெருமுனைவரை போகும். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

அம்மா மட்டும் துண்டையும் சோப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள். மேலே சித்தி, "சூடு சரியா இருக்காக்கா?" என்று கேட்பது காதில் விழும். அதற்கு அம்மா ஏதோ சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். கீழே அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் எரியாத சுவிட்சுக்கு அடியில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மேல் வீட்டுக் கரண்ட் பில் பாதியாக இறங்கியது. அப்பா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனையின் காலம் அப்பாவின் பின்புறமாக வந்தது. ரொம்ப நாளாக மறைத்து வைத்திருந்த மூலம் முற்றி, ஒரு நாள் உட்கார முடியாமல் நின்றபடியே சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். நான்தான் போய் அழைத்து வந்தேன். புறப்படும்போது டாக்டர் சொன்னார்: "வெதுவெதுப்பான தண்ணிய ஒரு பேசின்ல ஊத்தி, தினமும் ரெண்டு மூணு தடவ அதுல உக்காரணும். விட்டுடாதீங்க." வண்டியில் வரும்போது அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். நானும் ஜன்னலைத்தான் பார்த்தேன், சிரிப்பை மறைக்க.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அடுப்புல ஒரு பானை தண்ணி வை" என்றார்.

"கேஸ் என்ன சும்மாவா வருது?" என்றாள் அம்மா. "மேல வெயில்ல காஞ்சு கெடக்கே. கேட்டா குடுக்கப் போறா."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெகுளியாகச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

படிக்கட்டடியில் நின்று ஒன்றிரண்டு தடவை குரல் கொடுத்தார். மேலே முடி காயவைக்கும் மெஷின் சத்தத்தில் எதுவும் எடுபடவில்லை. என்னை அனுப்பினார். நான் போய்விட்டு வந்து, "ஆளு நேர்ல வரணுமாம்" என்றேன். அப்பா ஏறினார். பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். பின்னால் அம்மா துண்டும் பேசினுமாக. அம்மாவுக்குப் பின்னால் நான்.

விடுமுறை நாள். பார்லர் நிறைய ஈரத் தலைகள். மூலையில் சித்தப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். சித்தி ஒருத்திக்குத் தலை அலசிக்கொண்டிருந்தாள். அலசி முடித்து, துண்டைச் சுற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"சுடுதண்ணி கொஞ்சம்... தெறந்து விடும்மா" என்றார் அப்பா.

சித்தி வால்வின் கைப்பிடியில் கையை வைத்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எதுக்கு?"

"வெயில் சும்மாதானம்மா வருது. அதுக்கு ஏன் இதெல்லாம்?"

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க. இப்ப நான் கேக்கறேன். எதுக்கு மாமா?"

"டாக்டர் சொல்லிருக்காரு. பேசின்ல உக்காரச் சொல்லி."

"அதான், எதுக்குன்னு கேக்கறேன்."

யாரோ மெஷினை அணைத்தார்கள். அப்பா தம்பியைப் பார்த்தார். சித்தப்பா செய்தித்தாளைப் பார்த்தார். அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"மூலம்" என்றார் அப்பா. "அறுத்த எடத்துக்கு."

கண்ணாடியில் ஒரு ஈரத் தலை சட்டென்று குனிந்துகொண்டது. சித்தியின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் சுமந்ததை இறக்கி வைத்தவள்போல ஒரு மூச்சு விட்டாள். "சரி மாமா" என்று கைப்பிடியைத் திருப்பப் போனாள்.

அதன்மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. அம்மாவின் கை. பேசினைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்திருந்தாள்.

"இருடி" என்றாள். "உன்கிட்ட எதுக்குன்னாவது கேட்டாரு. இவளப் பெத்துட்டு வந்து நான் நின்னப்ப அதுகூடக் கேக்கல. பச்சத் தண்ணி போதும்னுட்டாரு."

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குச் சரியாக் காதுல விழலங்க. இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க."

அப்பா படிச்சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். அம்மா கையை எடுக்கவில்லை.