எலேனி துப்பிய நாள்

பக்கத்து வீட்டு எலேனி போன மாதம் இறந்துவிட்டா. இளவயதில் கிரேக்கத்திலிருந்து லண்டனின் எட்மண்டன் பகுதிக்கு வந்து, தையல் ஃபாக்டரியில் உழைத்து நாலு பிள்ளைகளை ஆளாக்கியவ. அவவை நினைத்தால் முதலில் என் பயம்தான் நினைவுக்கு வருகிறது.

லண்டனுக்கு வந்த புதிதில் பஸ்ஸில் ஒருவன் என்மேல் துப்பியிருந்தான். அதனால், வாசலில் என் கைக்குழந்தையைப் பார்த்துச் சிரித்தபடி எலேனி "தூ, தூ, தூ" என்றதும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். மறுநாள் கதவுப்பிடியில் கண் வரைந்த நீல மணி ஒன்று தொங்கியது. சூனியம் என்று குப்பையில் போட்டுவிட்டு, ஒரு கிழமை வெளியே போகவில்லை.

கடைசியில் அவவின் மகள் வந்து தட்டினா. சங்கிலியைக் கழற்றாமலே திறந்தேன்.

"பிள்ளைக்குக் கண் படக்கூடாதென்றுதான் அம்மா அப்படித் துப்பி, அந்த மணியையும் கட்டினவ. நீங்கள் கோபமோ என்று அழுகிறா."

நாவூறு கழிக்கும்போது உப்பு மிளகாயில் மூன்று தரம் துப்பச் சொல்லுகிற தாய்க்குப் பிறந்தவள் நான். வெட்கத்தோடு சங்கிலியைக் கழற்றினேன்.

எலேனியின் செத்தவீட்டில் அந்த மகள், இப்போது தானும் அம்மம்மாவாகி, பேரக்குழந்தையோடு நின்றா. பிழையாக நினைப்பாவோ என்ற பயத்தோடுதான் குனிந்து, "தூ, தூ, தூ" என்றேன்.

அவ பிள்ளையை இழுத்துக்கொள்ளவில்லை. என் கையில் தந்தா.